ஒரே இடத்தில் பட்ட ஒன்பது பந்துகள்

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று எங்கள் தீவு ஊரான மிண்டேலோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மைதான். பதினெட்டு வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் மூன்று வருஷம் பழகிய பிள்ளை பந்தை எறிந்தால் அது வளையத்துக்குள் போகும். இதற்குக்கூடத் தலைக்கனம் வரக் கூடாதென்றால் வேறு எதற்குத்தான் வருவது?

என் பாடம் ரொம்பச் சின்னது. முழங்கை பந்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இடது கை பந்தின் பக்கவாட்டில் சும்மா துணைக்கு இருந்தால் போதும், அது தள்ளக் கூடாது. பந்து விரலை விட்டுப் போன பிறகு, மேல் அலமாரியில் இருக்கிற டப்பாவுக்குள் கைவிடுவது மாதிரி மணிக்கட்டு முன்னால் மடிந்து நிற்க வேண்டும். இதை முதல் இரண்டு மாதம் பந்தே இல்லாமல் செய்ய வைப்பேன். பிள்ளைகள் மனசுக்குள் என்னைத் திட்டும், எனக்குத் தெரியும். கை அப்படிப் பழகிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. குறி பார்ப்பதெல்லாம் காலின் வேலை. வலது கால் பெருவிரல் எங்கே பார்க்கிறதோ, பந்து அங்கே போகும்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பந்து தப்பினால் எதையும் மாற்றக் கூடாது. பத்து எறிய வேண்டும். பத்தும் எங்கே பட்டது என்று பார்த்த பிறகுதான் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு மாற்றம் செய்கிற பிள்ளை சாகிற வரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தச் சட்டத்தை மீறியவர்களை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டிருக்கிறேன். எங்கள் தலைமையாசிரியரின் மகளும் அதில் அடக்கம்.

எங்கள் மைதானம் மேட்டில் இருக்கிறது. ஒரு வளையம் கடல் பக்கம், இன்னொன்று மலைப் பக்கம். வடகிழக்கிலிருந்து வருஷம் முழுக்கக் காற்று. புழுதி அடிக்கிறதென்று அந்தப் பக்கம் ஆறடிச் சுவர் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து கீழே நிற்கிறவளுக்குக் காற்றே தெரியாது, முடிகூடப் பறக்காது. ஆனால் வளையம் சுவரைவிட உயரம். பந்து மேலே போனதும் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கடல் பக்க வளையம் என்றால் பெருவிரல் வளையத்தின் நடுவை விட்டு ஒரு சாண் வலது தள்ளிப் பார்க்க வேண்டும், மலைப் பக்கம் என்றால் ஒரு சாண் இடது.

"காத்தே இல்லையே டீச்சர்," என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கும்.

"உனக்குத் தெரியாது. பந்துக்குத் தெரியும். ஒரு சாண் தள்ளு," என்பேன்.

ஒரே வாரத்தில் பழகிவிடும். அப்புறம் அவர்கள் வைக்கிறோம் என்று தெரிந்து அந்தச் சாணை வைக்க மாட்டார்கள், கால் தானாக வைத்துக்கொள்ளும்.

ஜாசிரா என்னிடம் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி இஸால்டாவின் மகள். அதிகம் பேசாத பெண், ஆனால் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு இருநூற்றுப் பதினொன்று போட்டேன் டீச்சர் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவாள். மூன்றாவது வருஷ முடிவில் அவள் கையைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருந்தது. நான் இருபது வயதில் தேசிய அணிக்கு ஆடியவள். என் கை அப்படி இருந்ததில்லை.

இந்த நவம்பரில் அவளுக்குப் பதினாறு முடிகிறது. பதினாறுக்கு உட்பட்ட தேசிய முகாமுக்குப் பன்னிரண்டு பெண்களை எடுக்கிறார்கள். எடுக்கப்பட்டால் தலைநகர் ப்ராயாவிலேயே படிப்பு, தங்க இடம், எல்லாம் உண்டு. அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். இஸால்டா ஒருநாள் சோளமும் பயறும் வேகிற கச்சூப்பா அண்டாவைக் கிளறிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"டீச்சர், ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிடறேன். இந்தத் தடவை எடுத்தாங்கன்னா சரி. எடுக்கலைன்னா பந்தைப் பரண்ல போட்டுட வேண்டியதுதான். ஸால் தீவுல என் தங்கச்சி ஹோட்டல்ல துணி வெளுக்கற வேலை சொல்லி வச்சிருக்கா. செப்டம்பர்ல சேரணும்."

"படிப்பு?"

"படிப்பை நான் மட்டும் வேண்டாம்னா சொல்றேன்? ஒத்தை ஆளா எவ்வளவு நாள்தான் இழுக்கறது?"

வீட்டுக்குப் போய் அடெரிட்டோவுக்குப் போன் போட்டேன். அவன்தான் தேர்வாளர். நானும் அவனும் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பை ஒன்றாகப் படித்தவர்கள். அவன் ப்ராயாக்காரன், நான் மிண்டேலோக்காரி. எங்கள் இரண்டு ஊருக்கும் ஆகாது. அவர்களிடம் அரசாங்கம் இருக்கிறது, எங்களிடம் கார்னிவல் இருக்கிறது, யார் பெரியவர் என்ற சண்டை எங்கள் பாட்டன்மார் காலத்துக்கும் முந்தையது.

"உங்க ஊருப் புள்ளைங்க பந்தைக் கோணலா எறியுதுங்கன்னு கேள்விப்பட்டேனே ஓர்லாந்தினா," என்றான். அதுதான் அவன் வணக்கம் சொல்கிற விதம்.

"ஒருத்தியை அனுப்பறேன். எழுந்து நின்னு கைதட்டறதுக்கு இப்பவே முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கோ."

"பார்க்கத்தானே போறேன்."

"பாரு. உன் நோட்டுல முதல் பேரா எழுது, கடைசியில எழுதினா எடம் பத்தாது."

இவ்வளவு வாய்க்கொழுப்பு தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஆனால் பேசிவிட்டேன்.

ஜூன் மாதம் ப்ராயாவுக்கு விமானம் ஏறினோம். நான், ஜாசிரா, பந்து எடுத்துக்கொடுக்க துல்சே. ஒவ்வொரு பெண்ணும் ஒரு துணையைக் கூட்டிவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். துல்சே ஆட்டத்தில் சுமார், வாயில் கெட்டிக்காரி. ஜாசிரா பேசாமல் விடுகிறதையெல்லாம் இவள் சேர்த்துப் பேசிவிடுவாள்.

தேர்வு நடந்தது மூடிய அரங்கத்தில். பளபளவென்று மரத்தரை, உயரமான கூரை. ஜாசிரா இதற்கு முன் கூரைக்குக் கீழே பந்தாடியதே இல்லை. வாசலில் நின்ற காவலாளியிடம் அவள் கேட்டாள்.

"அண்ணே, கடல் எந்தப் பக்கம்?"

அவர் ஒரு வளையத்துக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். "அந்தச் சுவருக்கு அந்தாண்டை. ஏம்மா, குளிக்கப் போறியா?"

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். ஊர் ஞாபகம் வந்துவிட்டது, பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னைவிட முட்டாள் அன்றைக்கு அந்த அரங்கத்தில் யாரும் இல்லை.

அடெரிட்டோ விதிகளைச் சொன்னான். ஐந்து இடங்களிலிருந்து பத்துப் பத்தாக ஐம்பது பந்து. முதல் பத்து, வளையத்துக்கு நேர் எதிரே இருக்கிற ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து. முப்பது விழுந்தால்தான் பெயர் பட்டியலுக்குப் போகும். பயிற்சியாளர்கள் எல்லாரும் மேலே படிகளில் உட்கார வேண்டும். எவராவது வாயைத் திறந்தாலோ கையை அசைத்தாலோ அவருடைய பெண் வெளியே.

"குறிப்பா ஓர்லாந்தினா டீச்சருக்குச் சொல்றேன்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்களுக்கு முன்னால் ஏழு பெண்கள். ப்ராயாப் பெண் ஒருத்தி முப்பத்து நாலு போட்டாள். ஃபோகோ தீவுக்காரி முப்பத்தொன்று. மற்றவர்கள் இருபதுகளில் நின்றுவிட்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். என் ஜாசிரா நாற்பதுக்குக் கீழே போட்டால் விமானத்தில் அவளோடு பேசப்போவதில்லை என்று நான் மனசுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தேன்.

அவள் கோட்டில் நின்றாள். கடல் பக்கத்துச் சுவரில் இருந்த வளையம். முட்டியை மடக்கினாள், எழுந்தாள், கை மேலே போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் "கையைப் பாருய்யா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பந்து வளையத்தின் வலது விளிம்பில் டங் என்று பட்டு வெளியே துள்ளியது.

பரவாயில்லை. இரண்டாவது பந்து. டங். வலது விளிம்பு. மூன்றாவதும் டங்.

நாலாவது விளிம்பில் பட்டு எப்படியோ உருண்டு உள்ளே விழுந்தது. ஐந்து, ஆறு, ஏழு, மூன்றும் டங். கீழே உட்கார்ந்திருந்த ப்ராயாப் பெண்கள் சத்தத்துக்கு ஏற்ப "டங், டங்" என்று சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். எட்டு. ஒன்பது. பத்து.

பத்தில் ஒன்று.

அடெரிட்டோ படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான். "என்ன ஓர்லாந்தினா, கப்பல்ல வச்சுப் பழக்கினியா?"

அவன் கேலி என் காதில் ஏறவில்லை. ஏழாவது பந்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பெருவிரல் ஒரு சாண் வலது தள்ளிப் பார்க்கிறது. கடல் பக்க வளையம் என்றால் ஒரு சாண் வலது என்று நான்தான் சொன்னேன். காற்று தெரியாவிட்டாலும் மேலே இருக்கும் என்றும் நான்தான் சொன்னேன். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாளாவது காற்றில்லாமல் பந்து எறிந்திருந்தால் அந்தக் கால் நேராக நிற்கக் கற்றிருக்கும். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஏழெட்டு நாள் காற்று நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாட்களில் வெக்கை தாங்காது. நான் விசிலை ஊதிப் பயிற்சியை ரத்து செய்துவிட்டு எல்லாரையும் லஜின்யா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். எல்லாரும் நீந்துவோம். நான் முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்குவேன்.

என் சோம்பேறித்தனத்துக்கு அவள் ஒன்பது பந்தைக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இப்போது அவள் கையை மாற்றினால் எல்லாம் போச்சு. பத்தில் ஒன்பது தப்பிய எந்தப் பெண்ணும் கையைத்தான் மாற்றுவாள். கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் பார்ப்பாள், மணிக்கட்டைத் திருப்புவாள். பிறகு அந்தக் கை யாருக்கும் உதவாது. நான் வாயைத் திறந்தால் அவள் வெளியே. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஜாசிரா இரண்டாவது இடத்துக்குப் போனாள். உடனே எறியவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

அரங்கமே சிரித்தது. "கூரைக்குக் கீழ காத்தைத் தேடறா பாரு மிண்டேலோக்காரி," என்று ஒருத்தி கத்தினாள். துல்சே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி, "நாங்க எதையும் சோதிக்காம நம்ப மாட்டோம். உங்க ஊரு அமைச்சருங்க கிட்ட கத்துக்கிட்டது," என்றாள். இப்போது அடெரிட்டோவே சிரித்துவிட்டான்.

ஜாசிரா யாரையும் கவனிக்கவில்லை. விரலை இறக்கினாள். குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். பெருவிரலை இரண்டு விரற்கடை இடது பக்கம் திருப்பினாள். எறிந்தாள். கை அதே கை. பந்து வலையை மட்டும் தொட்டுக்கொண்டு கீழே வந்தது.

அந்தப் பத்தில் எட்டு. மூன்றாவது இடத்தில் ஏழு. நாலாவது இடத்திலும் ஏழு. "டங்" சொன்ன பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் பக்கத்துப் பயிற்சியாளர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி இடத்தில் அவளுக்கு ஏழு தேவை. ஒன்பதாவது பந்தோடு ஆறு ஆகியிருந்தது. பத்தாவது பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு, மேலே எழும்பி, நின்று, வெளியே விழுந்தது.

இருபத்தொன்பது.

அவள் பந்தை எடுத்துத் துல்சேயிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். செப்டம்பருக்கு எத்தனை நாள் என்று எண்ணியிருப்பாள்.

அடெரிட்டோ நோட்டை மூடப் போனான். நான் படியிறங்கி அவன் முன்னால் போய் நின்றேன்.

"தேர்வு முடிஞ்சுதா? நான் பேசலாமா?"

"பேசு. பேசாம இருந்தா உனக்கு உடம்புக்கு ஆகாதே."

"அந்த முதல் பத்து அவளோடது இல்ல. என்னோடது."

பக்கத்தில் நின்ற பயிற்சியாளர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை தீவிலிருந்தும் வந்தவர்கள். பாதிப் பேரிடம் நான் ஏதாவது ஒரு காலத்தில் பெருமை பீற்றியிருக்கிறேன். இருந்தாலும் சொன்னேன். சுவர், காற்று, ஒரு சாண், காற்றில்லாத நாளில் நான் நீந்தப் போனது, எதையும் மறைக்கவில்லை. யாரோ ஒருவர் இருமுவது மாதிரிச் சிரித்தார்.

அடெரிட்டோ சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அப்போ தப்பாச் சொல்லிக்குடுத்திருக்கேன்னு நீயே ஒத்துக்கறியா?"

"ஆமா," என்றேன். என் வாழ்க்கையில் அந்த ஒரு வார்த்தையை ஒரு ப்ராயாக்காரனிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

"ஒரு பந்துதான் குறையுதுன்னா நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன். ஆனா நீ சொல்றதைப் பார்த்தா யோசிக்கவே வேண்டாம் போலிருக்கே. கோணலாப் பழகினவளை நிமிர்த்த ரெண்டு மாசம் ஆகும். முதல் போட்டிக்கு என்கிட்ட இருக்கறது ரெண்டு வாரம். வேண்டாம் ஓர்லாந்தினா. நீ நல்லவ, ஒத்துக்கிட்டே. ஆனா என்னால முடியாது."

நல்லது செய்யப் போய் நானே அவள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேன். அப்போது பின்னால் ஜாசிராவின் குரல் கேட்டது.

"சார், டீச்சர் தப்பாச் சொல்லிக்குடுக்கல."

"உங்க டீச்சரே சொல்றாங்களேம்மா."

"அவங்களுக்கு என் மேல இருக்கற பாசத்துல சொல்றாங்க. முதல் பத்துல ஒன்பது வெளிய போச்சு. எங்க பட்டுச்சுன்னு பார்த்தீங்களா?"

"வெளிய போனது எங்க பட்டா என்னம்மா? நான் உள்ள போனதைத்தான் எண்ணுவேன்."

"நான் பார்த்தேன். ஒன்பதும் ஒரே எடத்துல பட்டுச்சு. கை கோணலா இருந்தா ஒன்பதும் ஒன்பது எடத்துல படும் சார். கால்தான் தப்பான எடத்தைப் பார்த்துச்சு. திருப்பினதும் சரியாயிடுச்சு."

இவ்வளவு வார்த்தையை அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை. துல்சேகூட வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அடெரிட்டோ வளையத்தைத் திரும்பிப் பார்த்தான். "ஒரே எடம்னு நீ சொல்றே. அது தற்செயலா இருக்கலாம்."

"மறுபடியும் பண்ணிக் காட்டட்டுமா?"

"என்னத்தை?"

"வெளிய போடறதை. அதே எடத்துல."

ஐம்பது வயதாகப் போகிறது அடெரிட்டோவுக்கு. இத்தனை வருஷத்தில் வெளியே போடுவதைக் காட்டுகிறேன் என்று அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் உதட்டைப் பிதுக்கினேன். எனக்கே தெரியாது.

"ஏணி கொண்டா," என்றான் காவலாளியிடம்.

விளக்கு மாற்றுகிற ஏணி வந்தது. ஸ்கோர் பலகையிலிருந்து இரண்டு சாக்பீஸை எடுத்துத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு அடெரிட்டோவே மேலே ஏறினான். வளையத்தின் வலது விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் பூசினான்.

"இங்கதானே?"

"இன்னும் ஒரு விரல் பின்னாடி," என்றாள் ஜாசிரா.

அவன் மேலிருந்து அவளை முறைத்துவிட்டு ஒரு விரல் தள்ளிப் பூசினான். கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "பத்துல எத்தனை?"

"ஏழு," என்றாள்.

"பத்துல ஏழு அந்த வெள்ளையில பட்டுச்சுன்னா நான் நம்பறேன். ஆறுன்னா வீட்டுக்குப் போயிடணும்."

"சரி சார்."

மறுபடியும் ஃப்ரீ த்ரோ கோடு. அவள் பெருவிரலைத் திருப்பி, மறுபடியும் ஒரு சாண் வலது தள்ளிப் பார்க்க வைத்தாள். எறிந்தாள். டங். துல்சே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, ஈர வெள்ளை ஒட்டியிருந்த பக்கத்தைப் படிக்கட்டுக்குத் தூக்கிக் காட்டினாள். பிறகு துண்டால் துடைத்துத் திருப்பி எறிந்தாள். இரண்டாவது டங். வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை.

நாலாவது பந்து வளையத்தின் நடுவே அழகாக உள்ளே விழுந்தது. படிக்கட்டு முழுவதும் "அய்யோ" என்றது. கூடைக்குள் விழுந்ததற்காக ஒரு கூட்டம் துக்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜாசிராவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையை உதறிக்கொண்டாள். எதையும் மாற்றவில்லை. பத்து முடியட்டும் என்று இருந்தாள்.

ஐந்தாவது வெள்ளை. ஆறு, ஏழு. முதலில் "டங்" என்று கேலி செய்த அதே ப்ராயாப் பெண்கள் இப்போது எழுந்து நின்று, ஒவ்வொரு பந்துக்கும் "டங்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். எட்டாவது பந்து விளிம்பில் பட்டது, ஆனால் வெள்ளையைத் தாண்டி. துல்சே பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு பொட்டாவது கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. ஆறு ஆகியிருக்கிறது, கையில் இரண்டு பந்து.

ஒன்பதாவது, வெள்ளை. ஏழு.

அடெரிட்டோ கையைத் தூக்கினான். "போதும்மா."

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்," என்றாள் ஜாசிரா. "பத்து முடியாம நாங்க நிறுத்த மாட்டோம்."

அந்த "நாங்க" என்கிற வார்த்தையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை. எத்தனை பேர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்தாவதும் டங். துல்சே இந்தத் தடவை பந்தைத் துடைக்காமல் நேராகக் கொண்டுவந்து அடெரிட்டோவின் கையில் வைத்தாள். அவன் சட்டையில் வெள்ளை ஒட்டியது.

அவன் எழுந்து நின்றான். கைதட்டினான். எல்லாரும் தட்டினார்கள், ஆனால் நான் அவன் கையை மட்டும்தான் பார்த்தேன். பிறகு நோட்டைத் திறந்து அவள் பெயரை எழுதினான். எழுதுவதை அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"முப்பது வேணுமேன்னு நாளைக்கு எவனாவது கேட்பான்," என்றான் மெதுவாக. "கேட்கட்டும். முப்பது போடறவளை வருஷா வருஷம் பார்க்கறேன். தான் எதுல தப்பினேன்னு தெரிஞ்சவளை இதுவரைக்கும் பார்த்ததில்ல." கொஞ்சம் நின்று, "முகாமுக்கு நீயும் வா. அந்தப் பன்னெண்டு பேருக்கும் கால் வைக்கறதைச் சொல்லிக்குடு."

"டைரியைப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றேன். என்னிடம் டைரி கிடையாது.

வெளியே வந்தோம். வெயிலில் கண் கூசியது. துல்சே மீன் அடைத்துப் பொரித்த பஸ்டேல் வாங்கப் போய்விட்டாள். நான் ஜாசிராவின் பக்கத்தில் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்டி, அத்தனை பேருக்கு முன்னாடி நான் ஒத்துக்கிட்டதை இல்லைன்னு சொல்லிட்டியே. எவ்வளவு கஷ்டப்பட்டு ஒத்துக்கிட்டேன் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். உங்க முகத்தைப் பார்த்தேன்." அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "காத்தில்லாத நாள்ல எங்களை நீந்தக் கூட்டிட்டுப் போனது உங்க தப்புதான். அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க சொல்லிக்குடுத்தது தப்பில்ல. ரெண்டும் வேற வேற."

பதினைந்து வயதுப் பெண் அதைச் சொன்னாள். பதினெட்டு வருஷத்தில் என் பிள்ளைகள் எத்தனையோ கோப்பை கொண்டுவந்திருக்கிறார்கள், அவற்றை வைக்கத் தலைமையாசிரியர் அறையில் அலமாரியே செய்திருக்கிறோம். அதில் எதற்கும் நான் இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

அவள் என் போனை வாங்கி அம்மாவுக்குப் போட்டாள். சமையலறைச் சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மா, எடுத்துட்டாங்க. ஸாலுக்குச் சித்திகிட்ட வேண்டாம்னு சொல்லிடு."

அந்தப் பக்கம் அண்டா மூடி விழுந்த சத்தம். "எத்தனை போட்டே?"

"இருபத்தொன்பது."

"முப்பது வேணும்னு டீச்சர் சொன்னாங்களே?"

"ஆமாம்மா. அதுக்கப்புறம் வேணும்னே எட்டு வெளிய போட்டேன். அதுக்குத்தான் எடுத்தாங்க."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"போனை டீச்சர்கிட்ட குடு," என்றாள் இஸால்டா.

நான் வாங்கினேன். "டீச்சர், இவ என்னமோ உளர்றா. நெசமாவே எடுத்துட்டாங்களா? எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாளா?"

பேச வாயெடுத்தால் எனக்கு அழுகைதான் வந்தது. ஜாசிரா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசம்தான் இஸால்டா," என்றேன் கடைசியில். "உன் மக எட்டு வெளிய போட்டா. எட்டும் ஒரே எடம்."